நாடாளுமன்றமா, நீதிமன்றமா? டர்பனில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 28 ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். நான் வக்கீல் அல்ல. வக்கீல்களுக்குக் கோப்பு கட்டிக் கொடுத்தவள். ஓய்வு பெற்றும் விடுதலை இல்லை. நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனாலும், ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றாலும், யாராவது "அக்கா, ஒரு சந்தேகம்" என்று தொடங்கிவிடுகிறார்கள். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சட்டம் போடுகிறவர்களுக்கும் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது? கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

அக்கா, கடைசியில் யார் பெரியவர்? நாடாளுமன்றமா, நீதிமன்றமா?

இரண்டும் இல்லை. 1996-ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம்தான் பெரியது. அதற்கு முரணான சட்டமும் செயலும் செல்லாது என்று அதன் 2-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் இயற்றும் அதிகாரத்தை 43-ஆம் பிரிவும், நீதி வழங்கும் அதிகாரத்தை 165-ஆம் பிரிவும் தருகின்றன. இரு தரப்பும் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். வீட்டுக்காரர் அரசமைப்புச் சட்டம்.

"அதிகாரப் பிரிவினை" என்று தலைப்பிட்ட தனிப் பிரிவு எதுவும் அதில் கிடையாது. அமைப்பு முழுவதிலும் அது உள்ளடங்கி இருக்கிறது என்று அரசமைப்பு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கோடு எங்கே என்று இத்தனை பேர் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எது எந்த ஊரில் இருக்கிறது? எனக்கு எப்போதும் குழப்பம்.

நாடாளுமன்றம் கேப் டவுனில். தேசிய சபையில் 400 பேர், மாகாணங்களின் தேசிய மன்றத்தில் 90 பேர். உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபொன்டைனில். அரசமைப்பு நீதிமன்றம் ஜோகன்னஸ்பர்க்கில், 11 நீதிபதிகளுடன். 2013-க்குப் பிறகு எல்லா வகை வழக்குகளிலும் கடைசி வார்த்தை இந்த 11 பேருடையதே.

அந்தக் கட்டடம் நிற்பது பழைய சிறை வளாகத்தில். 1908-இல் காந்தியை அடைத்த கோட்டைச் சிறையும் அங்கேதான் இருக்கிறது. விசாரணைக் கைதிகள் இருந்த கட்டடத்தை இடித்தபோது கிடைத்த செங்கற்களை நீதிமன்றச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த நீதிமன்றத்தின் சின்னம், மரத்தடியில் கூடி நிற்கும் மக்கள். ஆலமரத்தடிப் பஞ்சாயத்தைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்திலும் நீதிமன்றம் இருந்ததே. அப்போது ஏன் நம்மைக் காப்பாற்றவில்லை?

என்னிடம் வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இதுதான். கேட்டவர் கேட்டோ மேனரிலிருந்து லாரியில் சாமான் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்துக்கு வந்த குடும்பத்துப் பெரியவர். அன்று வீட்டுக்காரர் வேறு. நாடாளுமன்றமே எல்லாவற்றுக்கும் மேல் என்று இருந்தது. சட்டம் நியாயமா என்று கேட்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை; சட்டம் முறைப்படி நிறைவேறியதா, அதில் எழுதியிருப்பதற்கு என்ன பொருள் என்ற இரண்டை மட்டும் கேட்கலாம். எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று டர்பன் நகரைப் பிரித்த குழுப் பகுதிச் சட்ட வழக்கு 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இப்படி ஒரு சட்டத்தைப் போட்டால் ஏற்றத்தாழ்வு வரும் என்று நாடாளுமன்றத்துக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும். ஆகவே அந்த ஏற்றத்தாழ்வைக் காரணம் காட்டிப் பிரிவினையைத் தள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அநியாயம் நடக்கும் என்று தெரிந்தே சட்டம் போட்டார்கள், அதனால் அது செல்லும்! அந்த வாதத்தை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முறைப்படி நிறைவேறியதா என்ற கேள்வியை வைத்து நீதிபதிகள் ஒரு முறை எதிர்த்தும் பார்த்தார்கள். கேப் பகுதியின் கலப்பின மக்களுடைய வாக்குரிமையைப் பறிக்க வேண்டுமானால், இரு அவைகளும் ஒன்றாக அமர்ந்து மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையுடன் நிறைவேற்ற வேண்டும் என்று அன்றைய அரசமைப்பாக இருந்த 1909-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1951-இல் அரசு சாதாரணப் பெரும்பான்மையிலேயே பறித்தது. 1952 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே நாடாளுமன்றம் தன்னையே ஒரு "உயர் நீதிமன்றம்" என்று அறிவித்துக்கொண்டு அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதியது. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர் எழுந்து போய் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தது போல. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது.

முடிவு கசப்பானது. 1955-இல் அரசு அந்த நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையை உயர்த்தி, இப்படிப்பட்ட வழக்குகளை 11 பேர் விசாரிக்க வேண்டும் என்றது. மேலவையான செனட்டை 48 பேரிலிருந்து 89 பேராகப் பெருக்கித் தன் ஆட்களால் நிரப்பியது. மூன்றில் இரண்டு கிடைத்துவிட்டது. நீதிமன்றம் இம்முறை பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. மறுத்த ஒரே ஒருவர் நீதிபதி ஷ்ரைனர். டர்பன் இருக்கும் நேட்டாலின் இந்தியர்களுக்கோ இந்தச் சண்டைகூட மிஞ்சவில்லை. நம் வாக்குரிமைக்கு 1896-லேயே கதவை அடைத்துவிட்டார்கள்.

தேர்தலில் நிற்காத 11 பேர், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களின் சட்டத்தை ரத்து செய்வது நியாயமா?

மேலே சொன்ன கதைதான் இதற்குப் பாதிப் பதில். எண்ணிக்கையை மட்டும் நம்பினால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வழி கண்டுபிடிப்பார்கள் என்று இந்த நாடு பட்டுத் தெரிந்துகொண்டது.

மீதிப் பாதி 1995-இல் வந்தது. மரண தண்டனையை நீக்கிய தீர்ப்பு அந்த ஜூன் மாதம் வெளியானது. மக்களில் பெரும்பாலோர் தூக்கு வேண்டும் என்கிறார்களே என்ற வாதத்தை நீதிமன்றம் மறைக்கவில்லை. பெரும்பான்மை விருப்பமே போதும் என்றால் அரசமைப்பு நீதிமன்றமே தேவையில்லை, நாடாளுமன்றமே போதும் என்று பதில் சொன்னது. தூக்கு வேண்டும் என்று இன்றும் வாதிடும் தம்பி ஒருவர் என் தெருவிலேயே இருக்கிறார். அவரும் நானும் இதில் ஒத்துப்போனதே இல்லை. ஆனால் அவர் உறவினர் ஒருவர் மீது பொய் வழக்கு வந்தபோது முதலில் தேடியது, கைதானவர்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் உள்ள உரிமைகளைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவைத்தான்.

மண்டேலா காலத்தில் இந்தச் சண்டை இருந்ததா?

இருந்தது. உள்ளாட்சி மாற்றச் சட்டத்தை அறிவிப்பு மூலமாகவே திருத்திக்கொள்ளும் அதிகாரத்தை நாடாளுமன்றம் மண்டேலாவுக்குக் கொடுத்திருந்தது. 1995 செப்டம்பரில் நீதிமன்றம் அது செல்லாது என்றது. நாடாளுமன்றம் தன் வேலையை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுப் போக முடியாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. மண்டேலா பொதுவெளியில் வந்து தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நீதிமன்றம் இங்கே நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்கவில்லை. அது தானே கொடுத்துவிட்டதைத் திருப்பி அதன் கையில் வைத்தது.

ஒரு சட்டம் செல்லாது என்று நீதிபதி சொன்னால், மறுநாள் காலையே அது போய்விடுமா?

பெரும்பாலும் இல்லை. முதலில், எந்த நீதிமன்றம் சொன்னது என்று பாருங்கள். மாஜிஸ்திரேட்டுக்கு அந்த அதிகாரமே கிடையாது. டர்பன் உயர் நீதிமன்றம் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றைச் செல்லாது என்றால், ஜோகன்னஸ்பர்க்கில் அரசமைப்பு நீதிமன்றம் உறுதிசெய்யும் வரை அந்த உத்தரவுக்கு உயிர் இல்லை. பத்திரிகைத் தலைப்பைப் பார்த்துக் குதிப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

உறுதிசெய்யும்போதும், 172-ஆம் பிரிவின்படி, குறையைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அவகாசம் கொடுத்து உத்தரவை நிறுத்திவைக்கலாம். ஒரே பாலினத்தவர் திருமண வழக்கில் 2005 டிசம்பர் 1-இல் 12 மாத அவகாசம் தரப்பட்டது. நாடாளுமன்றம் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2006 நவம்பர் 30-இல், கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது. தேர்தலில் சுயேச்சைகள் நிற்க வழி செய்ய வேண்டும் என்று 2020 ஜூனில் வந்த தீர்ப்பு 24 மாதம் கொடுத்தது. அது போதாமல் அவகாசத்தை நீட்டிக் கேட்டு, 2023-இல்தான் சட்டம் வந்தது. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கும் பிள்ளைகளை நாம் ஏன் திட்டுகிறோம் என்று தெரியவில்லை.

பள்ளியில் மூக்குத்தி வழக்கு வந்ததே, அதில் எந்தச் சட்டத்தை ரத்து செய்தார்கள்?

எதையும் ரத்து செய்யவில்லை. டர்பனில் ஒரு பள்ளி மாணவி மூக்குத்தி அணிந்து வந்ததால் எழுந்த வழக்கு அது. தென்னிந்தியக் குடும்ப வழக்கம் என்றார் தாய். சீருடை விதி இடம் தராது என்றது பள்ளி. 2007-இல் அரசமைப்பு நீதிமன்றம் மாணவி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு அது பயன்படுத்திய கருவி நாடாளுமன்றமே 2000-இல் இயற்றிய சமத்துவச் சட்டம்.

நீதிமன்றம் என்றாலே நாடாளுமன்றத்தோடு மல்லுக்கு நிற்பது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். பெரும்பாலான நாட்களில் நீதிபதி செய்வது, நாடாளுமன்றம் எழுதியதை எழுதியபடி ஒரு பள்ளியின் மீதோ முதலாளியின் மீதோ பொருத்துவது. அதைச் செய்தியாக யாரும் போடுவதில்லை. மூக்குத்தி இருந்ததால் இது செய்தியானது.

மசோதா நிலையிலேயே நீதிமன்றம் போய்த் தடுக்க முடியுமா?

உங்களாலோ என்னாலோ பொதுவாக முடியாது. அவையில் விவாதம் நடக்கும்போது கதவைத் தட்டுவதில்லை என்பது நீதிமன்றத்தின் கொள்கை. குடியரசுத் தலைவருக்குச் சந்தேகம் இருந்தால் மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். அப்போதும் தீராவிட்டால் அரசமைப்பு நீதிமன்றத்துக்கே அனுப்பலாம். அவர் கையெழுத்திட்ட பின், தேசிய சபை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் 30 நாட்களுக்குள் நேரடியாக அங்கே போகலாம்.

சட்டமான பிறகு அது பிறந்த விதத்தையும் கேள்வி கேட்கலாம். மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது வெறும் உபசாரம் அல்ல என்று 2006 ஆகஸ்டில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாகாணக் கதை ஒன்றே போதும். மடடியேலே பகுதியைக் குவாசுலு-நேட்டாலிலிருந்து கிழக்குக் கேப்புக்கு மாற்றினார்கள், அதுவும் அரசமைப்புத் திருத்தத்தின் மூலம். நம் மாகாணச் சட்டமன்றம் அங்குள்ள மக்களைக் கூப்பிட்டுக் கேட்கவே இல்லை. அந்தப் பகுதி தொடர்பான திருத்தம் செல்லாது என்றது நீதிமன்றம். பிறகு கூட்டம் கூட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு மறுபடியும் கிழக்குக் கேப்புக்கே மாற்றினார்கள். வழக்கில் வென்றவர்களுக்கு ஊர் திரும்பக் கிடைக்கவில்லை. நீதிமன்றம் முறையைக் காப்பாற்றும், முடிவை உங்களுக்காக எழுதித் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் பணம் ஒதுக்கு என்று நீதிபதி கட்டளையிடலாமா? பட்ஜெட் நாடாளுமன்றத்தின் வேலை அல்லவா?

நாடாளுமன்றத்தின் வேலைதான். நீதிமன்றம் இதில் மிகவும் தயங்கித்தான் அடியெடுத்து வைத்தது. 1997-இல் டர்பனைச் சேர்ந்த ஒரு சிறுநீரக நோயாளி, பெயரைக் கேட்டாலே நம்மவர் என்று தெரியும், அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் வேண்டும் என்று கேட்டு வழக்குப் போட்டார். இயந்திரங்கள் குறைவு, குணமாகக் கூடியவர்களுக்கே முதலிடம் என்று மருத்துவமனை விதி வைத்திருந்தது. நல்லெண்ணத்தோடும் நியாயமாகவும் எடுத்த முடிவில் தலையிட மாட்டோம் என்றது நீதிமன்றம். அவர் விரைவில் இறந்துபோனார். சட்டப்படி அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல என்னால் முடிந்ததில்லை. இருந்தும் அந்தத் தீர்ப்பு நகலை எடுக்கும்போதெல்லாம் கை கொஞ்சம் தயங்கும்.

மூன்று ஆண்டுகளில் அடுத்த படி. கேப் டவுன் அருகே வாலசடீன் குடிசைவாசிகள் வழக்கில், தலைக்கு மேல் கூரையே இல்லாதவர்களுக்கு அரசின் வீட்டுத் திட்டத்தில் இடமே இல்லை, அது நியாயமான திட்டம் அல்ல என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் நம் டர்பனில் வளர்ந்த, பார்வையற்ற நீதிபதி சாக் யாக்கூப். 2002-இல், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் நெவிரப்பின் மருந்தைச் சில இடங்களில் மட்டும் கொடுக்கும் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது நீதிமன்றம். எத்தனை ராண்ட் ஒதுக்க வேண்டும் என்று எதிலும் எழுதவில்லை. "உன் திட்டம் நியாயமா?" என்று மட்டும் கேட்டது.

அவைக்குள் நடப்பது எம்.பி.க்களின் சொந்த விஷயம். அதிலும் நீதிபதி மூக்கை நுழைக்கலாமா?

இங்கேதான் நீதிபதிகளே பிரிந்து நிற்கிறார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமாவின் சொந்த வீட்டுக்கு அரசுப் பணம் செலவான இன்காண்ட்லா விவகாரத்தில், அவர் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பொதுக் காப்பாளரின் (அரசு முறைகேடுகளை விசாரிக்கும் அதிகாரி) அறிக்கையை ஒதுக்கித் தேசிய சபை நிறைவேற்றிய தீர்மானம் அரசமைப்புக்கு முரணானது என்று 2016 மார்ச் 31-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. ஆட்சியைக் கேள்வி கேட்பது சபையின் கடமை, அதைச் செய்யவில்லை என்றார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் ரகசிய வாக்கெடுப்பு வேண்டுமா என்று 2017-இல் கேட்டபோது, ரகசியமாக நடத்தச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு, முடிவு அவருடையது என்று சொல்லி விலகிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 29-இல், குடியரசுத் தலைவரைப் பதவிநீக்கம் செய்வதற்கான விதிகளைச் சபை வகுத்தே ஆக வேண்டும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். தலைமை நீதிபதி மொகோயெங் ஒப்புக்கொள்ளவில்லை. இது நீதிமன்றம் எல்லை மீறியதற்குப் பாடப்புத்தக உதாரணம் என்று கடுமையாக எழுதினார். இன்காண்ட்லா தீர்ப்பை எழுதியவரும் அவரே. ஆகவே "எல்லை மீறல்" என்று சொல்பவர்கள் எல்லோரும் ஊழலுக்குத் துணை போகிறவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கருத்து? விதி எழுதச் சொன்னது சரி. எப்படி எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தால் மொகோயெங் பக்கம் நின்றிருப்பேன்.

நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எம்.பி.க்கள் இருக்கிறார்களே. இது என்ன பிரிவினை?

முழுச் சுவர் எழுப்பவில்லை. கதவு வைத்த சுவர். நீதித்துறைப் பணி ஆணையத்தில் தேசிய சபையிலிருந்து 6 பேர் உண்டு, அவர்களில் குறைந்தது 3 பேர் எதிர்க்கட்சியினர். மாகாணங்களின் தேசிய மன்றத்திலிருந்து 4 பேர். நீதிபதியை நீக்கவும் நாடாளுமன்றம் வேண்டும்: ஆணையம் குற்றம் கண்ட பிறகு தேசிய சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. 1994-க்குப் பிறகு முதன்முறையாக 2024 பிப்ரவரியில்தான் இது நடந்தது, ஒரே நாளில் இருவர்.

அவர்களில் ஒருவரான ஜான் ஹ்லோபே சில மாதங்களில் எம்.பி. ஆனார். தேசிய சபை அவரையே அந்த ஆணையத்துக்குத் தன் பிரதிநிதியாக அனுப்பியது! 2024 செப்டம்பரில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அவர் அதில் பங்கேற்கத் தடை விதித்தது. கதவு இருந்தால் யார் நுழைகிறார்கள் என்று பார்க்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

மூன்றில் இரண்டு கிடைத்தால் அரசமைப்பையே மாற்றிவிடலாம். பிறகு நீதிமன்றம் என்ன செய்யும்?

மாற்றலாம், ஆனால் ஒரே பூட்டு அல்ல. சாதாரணப் பிரிவுகளுக்குத் தேசிய சபையில் மூன்றில் இரண்டு. உரிமைகள் அத்தியாயத்துக்கு அதோடு 9 மாகாணங்களில் 6 மாகாணங்களின் ஆதரவும் வேண்டும். அடிப்படை விழுமியங்களைச் சொல்லும் முதல் பிரிவுக்கு 75 சதவீதமும் 6 மாகாணங்களும். 2021 டிசம்பரில், இழப்பீடு இல்லாமல் நிலம் எடுக்கும் திருத்தத்துக்கு 204 வாக்குகளே கிடைத்தன, 267 தேவைப்பட்டது. விழுந்தது.

இந்தியாவில் 1973-லேயே அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே அப்படி உறுதியான தீர்ப்பு இல்லை. இருப்பது மடடியேலே போன்ற வழிமுறைக் கேள்விதான்.

கோயிலில் தாலி கட்டினோம், பதிவு செய்யவில்லை. இதற்கும் நீங்கள் சொல்லும் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

நம் வீட்டுக்குள் வந்த சம்பந்தம் இதுதான். 1913 மார்ச்சில் கேப் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்குப்படி நடந்த திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே அல்ல என்றார். இந்தியப் பெண்கள் ஒரே நாளில் மனைவி என்ற பெயரை இழந்தார்கள். அந்த ஆண்டு சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சிறை சென்றதற்கு இது ஒரு பெரிய காரணம். தில்லையாடி வள்ளியம்மை பீட்டர்மரிட்ஸ்பர்க் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தார். அதே ஆண்டு நாடாளுமன்றம் இந்தியர் நிவாரணச் சட்டத்தை இயற்றி, ஒருவனுக்கு ஒருத்தி என்று நடந்த நம் திருமணங்களுக்கு வழி செய்தது. கவனியுங்கள்: அன்று கெடுத்தது தீர்ப்பு, சரிசெய்தது சட்டம். நீதிமன்றம் எப்போதும் நல்லது செய்யும் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

2008-இல் டர்பன் உயர் நீதிமன்றத்தில் திசை மாறியது. பதிவு செய்யாத இந்துத் திருமணத்தில் கணவர் உயில் எழுதாமல் இறந்தால், வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ள "வாழ்க்கைத் துணை" என்ற சொல் மனைவியையும் உள்ளடக்கும் என்று தீர்ப்பு வந்தது. அது சொத்து வாரிசுக்கு மட்டும். விவாகரத்து, வங்கி, உள்துறை அலுவலகம் என்று வரும்போது அந்த ஒரு தீர்ப்பு எல்லாவற்றுக்கும் குடை பிடிக்காது. அந்தக் குடையை விரிக்க வேண்டியது நாடாளுமன்றம். அதுவரை செய்யக் கூடியது ஒன்று உண்டு. 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, இந்திய மதங்களின் குருக்களையும் திருமண அதிகாரியாக நியமிக்க இடம் தருகிறது. உங்கள் குருக்களுக்கு அந்த நியமனம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தாலி கட்டிய கையோடு, சாட்சி இருவரோடு உள்துறை அலுவலகத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணமும் செய்துகொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போங்கள், வரிசை நீளம்.